குணலட்சுமியின் பப்பாசிப் பால்

யாழ்ப்பாணத்துச் சண்டிலிப்பாயில் புகையிலை போடாத தோட்டக்காரனைப் பைத்தியம் என்பார்கள். தோட்டக்காரி என்றால் இன்னும் இரண்டு சொல் கூடச் சொல்வார்கள். குணலட்சுமி 1985இல் தன் சீதனக் காணி நாலு பரப்பிலும் பப்பாசி நட்டபோது ஊர் வாய்க்கு நல்ல அவல் கிடைத்தது.

கணவன் இறந்த பிறகு அந்தக் காணியைச் செய்து வந்தவர் அவளுடைய அண்ணன் மார்க்கண்டு. உறுதி அவள் பெயரில் இருந்தது. சொல் அவருடையதாக இருந்தது. முதன்முதலாக அவர் சொல்லை மீறித்தான் பப்பாசி நட்டாள்.

அவளுக்கு வேண்டியது பழமல்ல, பச்சைக் காயைக் கீறினால் வடியும் பால். அதை உலர்த்திப் பொடியாக்கிக் கொடுத்தால் கொழும்புக் கம்பனி ஒன்று வாங்கும். இறைச்சியை மிருதுவாக்க, பியர் கலங்காமல் இருக்க, தோலைப் பதப்படுத்த எல்லாம் அது வேண்டுமாம். பாலுக்குள் நொதியம் என்று ஒன்று இருக்கிறது, வேலை செய்வது அதுதான் என்றார் கம்பனிக்காக வாங்க வரும் கிறிஸ்துநாயகம்.

"உணத்திறதெண்டால் என்ரை குடிலிலை போடு பிள்ளை" என்றார் மார்க்கண்டு. புகையிலை வாட்டும் அவர் குடிலின் சூட்டைப் பற்றி ஊரில் யாரும் குறை சொன்னதில்லை. பொடி பொன்னிறமாக, மொறுமொறுவென்று வந்தது.

கிறிஸ்துநாயகம் இளஞ்சூட்டுப் பசுப்பாலில் அதைக் கரைத்து மணிக்கூட்டைப் பார்த்தார். நல்ல சரக்கென்றால் ஒரு நிமிடத்துக்குள் பால் உறைய வேண்டும். அரை மணித்தியாலம் போயும் பால் பாலாகவே கிடந்தது.

"செத்துப்போச்சு அக்கா. ஏனெண்டு எனக்குச் சொல்லத் தெரியேல்லை."

மார்க்கண்டு அந்தச் சட்டியைத் தூக்கி ஒரு மிடறு குடித்தார். "பாலிலை ஒரு குறையுமில்லை, சீனிதான் காணாது." வேலிக்கு வெளியே நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் அவர் சொன்னார்: "அடுத்த முறையும் உப்பிடியெண்டால் எல்லாத்தையும் தறிச்சுப்போட்டுப் புகையிலைக்குக் கொத்துவன்."

குணலட்சுமிக்கு அழுகையைவிடக் கோபந்தான் வந்தது.

மறுநாள் காலை காய் கீறும்போது விரல் நுனிகள் எரிந்தன. அந்தப் பால் தோலை அரிக்கும்; அது அவளுக்குப் பழகிய வேதனை. ஆனால் முந்தின நாள் அதே புண் விரல்களால் பொன்னிறப் பொடியை அளைந்தபோது ஏன் எரியவில்லை? கையைக் கழுவாமல் அப்படியே நின்றாள். என் விரலைத் தின்கிறதே, அதைத்தானே கம்பனி கேட்கிறது!

மணிக்கட்டில் மூன்று பொட்டு வைத்தாள்: பச்சைப் பால், முந்திய கீறல்களில் இலை நிழலில் காய்ந்து ஒட்டியிருந்த பால், குடிலில் வாட்டிய பொடி. முதல் இரண்டும் எரித்தன. மூன்றாவது சும்மா கிடந்தது.

நொதியம் ஒரு கத்தரிக்கோல் மாதிரி. புரதத்தை வெட்டிக்கொண்டே போகும், தான் தேயாது. கடுஞ்சூடு பட்டால் கத்தரிக்கோலே வளைந்து போகும். பிறகு தீட்டி எடுக்கவும் முடியாது. இதை யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. அவள் விரல் சொன்னது.

அதன் பிறகு குடில் பக்கம் அவள் போகவேயில்லை. கண்ணாடித் தட்டுகளில் பாலை மெல்லிதாகப் பரப்பி, பந்தல் நிழலில் சோளகக் காற்றுக்குக் காயவிட்டாள். தன் குடிலை அவமதித்துவிட்டாள் என்று மார்க்கண்டு இரண்டு கிழமை அவளோடு கதைக்கவில்லை.

கிறிஸ்துநாயகம் மறுபடி வந்த அன்று மார்க்கண்டு கத்தியோடு வந்து நின்றார். வேலியோரம் பழைய கூட்டமும் வந்திருந்தது. வெள்ளைப் பொடியைப் பாலில் போட்டுக் கரண்டியால் கலக்கினார் கிறிஸ்துநாயகம். மணிக்கூட்டைப் பார்க்கத் தலையைத் திருப்பினார். திரும்பியபோது கரண்டி நட்டபடி நின்றது.

"அக்கா, இருபது விநாடியும் ஆகேல்லை! எவ்வளவு இருந்தாலும் எடுக்கிறன்."

மார்க்கண்டு நம்பாமல் சட்டியை வாங்கித் தலைகீழாகக் கவிழ்த்தார். ஒரு துளி விழவில்லை. கத்தியை மெல்லக் கிணற்றுக்கட்டில் வைத்தார்.

குணலட்சுமிக்கு நெஞ்சு நிறைந்துபோனது. ஆனாலும் விடவில்லை.

"அண்ணை, இண்டைக்குக் குடிக்கேலாது. கரண்டியாலை சாப்பிடுங்கோ, சீனி கொண்டு வாறன்."