விக்காம மிஞ்சுன விசிலு

அதைத்தான் அம்மணி நானும் கேக்கறேன். கோடி ஊட்டு ரெஜினாவோட மருமக கோவிச்சுக்கிட்டுப் போனாப் போவட்டும், மிக்சியவுமா தூக்கிட்டுப் போவாங்க? இப்ப ரெஜினா அம்மிக்கல்லத் தேடி அலையறா. சரி உடு, ஊர் வம்பு நமக்கெதுக்கு. ஸ்டெல்லா, அந்தப் படியில உக்காரு. நேத்து நம்ம தெருக் குடும்பமெல்லாம் ஜெபத்துக்குக் கூடுன அன்பியக் கூட்டத்துல, மாதா எனக்குச் செஞ்சதச் சாட்சி சொல்லச் சொன்னாருல்ல ஃபாதர், எல்லாரும் என் மூஞ்சியவே பாக்கவும் வெக்கமாப் போச்சு. பாதிதான் சொன்னேன். உங்கிட்ட முழுசாச் சொல்லோணும்.

என் பொழப்பு உனக்குத் தெரியாததா? சின்னதுலயே போலியோ வந்து ரெண்டு காலும் போச்சு. எங்கூட்டுக்காரரும் போய்ச் சேந்துட்டாரு. ஊனமுத்தோர் பென்சன் அரிசிக்கும் மாத்திரைக்கும் சரியாப் போயிருது. வாடகைக்கு என்ன பண்றது? அதுக்குத்தான் கையால சுத்தற மூணு சக்கர வண்டியில ஊக்கு, சீப்பு, கர்ச்சீப்பு, காது குடையற பஞ்சுக்குச்சின்னு தொங்கவிட்டுக்கிட்டு நாமக்கல் லாரிப் பட்டறைக்குப் போறது. லாரிக்காரங்க நல்லா வாங்குவாங்க. அதுலயும் சீப்பு. எங்கதான் கொண்டு போய்த் தொலைப்பாங்களோ! தலையில ஒத்த முடி இல்லாத டிரைவர் ஒருத்தரு, அவரும் மாசாமாசம் சீப்பு வாங்குவாரு. "உங்களுக்கு எதுக்குங்க?"ன்னு கேட்டேன். "ஒரு நம்பிக்கைதானுங்க ஆத்தா"ன்னாரு.

போன வருசம் மாதா திருவிழாவுக்கு, தேர் பாக்க வர்ற கொழந்தைங்க வாங்குமேன்னு ஒரு பை நெறைய விசிலு எடுத்தேன். வாடகை பாக்கி, ஊட்டுக்காரம்மா வாசல்ல நின்னு பேசிட்டுப் போயிருக்குது. எனக்கு முட்டி போட முடியாதுல்ல, வண்டியில உக்காந்தபடியே மாதாகிட்டக் கெஞ்சுனேன். "தாயே, இத மட்டும் வித்துக் குடுத்துரு. வேற ஒண்ணும் கேக்கல"ன்னு. அன்னைக்குப் பாத்து ஊத்துச்சு மழ. தேரு பாதியில நின்னுச்சு. கொழந்தைங்களப் போர்வையில சுத்தித் தூக்கிட்டுப் போயிட்டாங்க. ஒரு விசிலு விக்கல. எனக்கு வந்துச்சு பாரு கோவம்! மாதா படத்துப் பக்கம் திரும்பல. ஜெபமாலையும் தொடல. மிஞ்சுன விசில்ல ஒண்ண மாதிரிக்குக் காட்டக் கயித்துல கட்டிக் கழுத்துல மாட்டிக்கிட்டேன், அவ்வளவுதான்.

அப்பறம் ஐப்பசி. மழ விட்டு வெயிலடிச்ச நாளு. பட்டறைக்குள்ள ஒரு சந்து. ஒரு பக்கம் மதிலு, ஒரு பக்கம் தகர அடைப்பு. டீக்கடைக்குக் குறுக்கால போயிரலாம்னு அதுல வண்டிய உட்டேன். பாதி சந்துல பின் சக்கரம் சேத்துல எறங்கிருச்சு. சுத்தறேன் சுத்தறேன், எறங்குதே ஒழிய நகரல.

அப்ப சந்து முனையில ஒரு லாரி திரும்புச்சு. மூஞ்சியில்ல அம்மணி, முதுகு. ரிவர்ஸுல வருது. நேரா என்ற மேல.

"ஏனுங்க, ஆளிருக்குதுங்க!"ன்னு கத்துனேன். இன்ஜின் சத்தம், அதுக்கு மேல பாட்டு. நின்னு வழி சொல்ற கிளீனரு டீ குடிக்கப் போயிட்டான். எறங்கி ஓடக் காலா இருக்குது? லாரிப் பின்பலகையில பெருசு பெருசா மஞ்ச எழுத்து. என்ன எழுத்தோ, எனக்கெங்க தெரியும். அது வளந்துக்கிட்டே வருது.

கழுத்துல கெடந்த விசிலு நெனப்பு வந்துச்சு. வாயில வெச்சு ஊதுனேன். பயத்துல மூச்சு துண்டு துண்டா வருது. பீ, பீ, பீ, பீ. லாரி நிக்கல. இன்னும் வேகமா வருது! ஏன் தெரியுமா? கிளீனருங்க அப்படித்தான் ஊதுவாங்க. விட்டு விட்டு ஊதுனா "வா வா, எடமிருக்குது"ன்னு அர்த்தம். நீட்டி ஒண்ணு ஊதுனாத்தான் "நிறுத்து". தெனமும் கேக்கற சத்தந்தான், உசுரு போற நேரத்துல எங்க நெனப்பு வரும்? என் மேல ஏத்தச் சொல்லி நானே வழி சொல்லிக்கிட்டிருக்கேன்.

டீசல் பொகை மூஞ்சியில அடிச்சுது. முடிஞ்சுதுன்னு கண்ண மூடிட்டேன். நான் கோவிச்சுக்கிட்டுப் பேசாம இருந்த மாதாவத்தான் கூப்புட்டேன். அடி வயித்துலருந்து, "மாதாவே"ன்னு. வாயில விசிலு இருந்தத மறந்துட்டேன். கூப்புட்டது பேச்சா வரல. விசிலா வந்துச்சு. ஒரே நீட்டு. மூச்சு தீர்ற வரைக்கும்.

லாரி நின்னுருச்சு.

கண்ணத் தொறந்து பாக்கறேன், என் சீப்பு அட்டை லாரிப் பலகையில ஒரசி ஆடிக்கிட்டிருக்குது.

"எவன்டா அவன், மொதல்ல வா வான்னான், அப்பறம் நில்லுங்கறான்"னு திட்டிக்கிட்டே டிரைவரு எறங்கி வந்தான். என்னப் பாத்ததும் அப்படியே சேத்துல உக்காந்துட்டான். "ஆத்தா, நீங்களா? எங்க கிளீனருன்னு நெனச்சுட்டனுங்களே!"ன்னான்.

"கிளீனரு இல்லீங்க, யாவாரி"ன்னேன். எங்கிருந்துதான் அந்தப் பேச்சு வந்துச்சோ. அப்பறம் கேட்டேன், "ஏனுங்க, இதுல என்னதான் எழுதியிருக்குது?"

"ஒலி எழுப்பவும்."

"அப்படின்னா?"

"சத்தம் குடுங்கன்னு அர்த்தமுங்க ஆத்தா."

அழுதுக்கிட்டே சிரிச்சேன், சிரிச்சுக்கிட்டே அழுதேன். எனக்கு எழுத்துத் தெரியாது அம்மணி. தெரிஞ்சவ பக்கத்துல இருந்திருக்கா.

அந்த டிரைவரே பையோட விசிலு பூராத்தையும் வாங்கி, பட்டறையில இருக்கற கிளீனருக்கெல்லாம் குடுத்துட்டான். மாதா வித்துத்தான் குடுத்தா. அவ நாளு வேற, நம்ம நாளு வேற. திருவிழாவுலயே பூராவும் வித்திருந்தா என் கழுத்துல என்ன இருந்திருக்கும், சொல்லு? இப்ப ராத்திரி ஜெபமாலை சொல்லாமப் படுக்கறதில்ல. கேக்கறேன், ஆனா இன்னைக்கே வேணும்னு அடம் புடிக்கறதில்ல. நீயும் உன் மவன் வேலைக்கு வேண்டி வேண்டிச் சலிச்சுப் போயிருக்க. உட்றாத அம்மணி. குடுக்கலைன்னு நெனைக்காத, மாதா எடுத்து வெச்சிருக்கான்னு நெனச்சுக்கோ. கத்தவாச்சும் கத்து. அத எப்படி மாத்தோணும்னு அவளுக்குத் தெரியும்.

இரு, கொழாயில என்ன சத்தம்? அய்யோ, தண்ணி வந்துருச்சு! அந்தக் கொடத்த இப்படித் தள்ளு. காதப் பொத்திக்கோ, இந்தக் கழுத்து விசில ஊதி நம்ம சந்துல எல்லாருக்கும் சொல்லோணும். நீட்டித்தான் ஊதுவேன், பயப்படாத. விட்டு விட்டு ஊதுனா லாரி வந்துரும்.