மெட்டிக் காலுக்கு ஷூ தேடி

பகல் பன்னிரண்டரை மணிக்கு மேலூர் பேருந்து நிலையத்தில் மதுரை வண்டி ஏறினோம், நானும் பேச்சியம்மாளும். அது போய் நிற்கும் மாட்டுத்தாவணி நிலையத்துக்கு முப்பது கிலோமீட்டர் வராது. டிக்கெட் ஆளுக்கு இருபத்திரண்டு ரூபாய். வெயிலுக்கு முன்னால் காலையிலேயே போய்விடலாம் என்றாள் அவள். நான்தான் மறித்தேன். ஷூ வாங்குகிறவர்கள் காலையில் போகக் கூடாது. நின்று, நடந்து, பொழுது சாயச் சாயப் பாதம் வீங்கும். அந்த வீங்கிய பாதத்துக்குத்தான் அளவு பார்க்க வேண்டும். நாலு மணிக்கு மேல் வாங்குங்கள் என்று மருத்துவரும் சொல்லியிருந்தார்.

பேச்சி எங்கள் தெருக்காரி. அங்கன்வாடியில் சமையல் வேலை. வயது ஐம்பத்திரண்டு. சர்க்கரை வந்து பன்னிரண்டு வருடம், பாதத்தில் உணர்ச்சி போய் மூன்று வருடம். முள் குத்தினால் தெரியாது, சுடுமணல் தெரியாது. போன வருடம் இடது காலில் சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள். அந்த விரல் போகக் காரணமான ஷூவை வாங்கிக் கொடுத்தது நான். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

நான் தையல்காரி. எட்டாம் வகுப்போடு நின்று, பழைய ரவிக்கைகளைப் பிரித்துப் பார்த்தே தொழில் கற்றவள். யாரையும் பார்த்த மாத்திரத்தில் அளவு சொல்லிவிடுவேன் என்ற மிதப்பு எனக்கு உண்டு. வாக்கிங் போகச் சொன்னார்கள் என்று அவள் வந்து நின்றபோது, டேப்பை அவள் பாதத்தில் சுற்றி அளந்துகொண்டு போய், நடைபாதைக் கடையில் முந்நூற்றைம்பது ரூபாய்க்கு ஒரு ஜோடி எடுத்து வந்தேன். ரவிக்கை மாதிரி சிக்கென்று இருந்தது. “எங்கயாச்சும் புடிக்குதாடி?” என்று கேட்டேன். “ஒண்ணும் வலிக்கலக்கா” என்றாள். அந்தப் பதிலை நம்பினேன். வலிக்காமல் இருப்பதுதான் அவள் நோயே என்பது எனக்கு உறைக்கவில்லை. ஐந்தாம் நாள் காலுறை ஈரமாக இருக்கிறதே என்று கழற்றிப் பார்த்தபோதுதான் இரத்தம்.

இனி ஒரு புண் வந்தால் விரலோடு நிற்காது, பாதம் போய்விடும் என்று சொல்லியிருக்கிறார்கள். நடக்காமல் உட்கார்ந்திருந்தாலும் சர்க்கரை ஏறும். ஆக, நடக்கவும் வேண்டும், புண்ணும் வரக் கூடாது. அதற்குத்தான் இந்தப் பயணம்.

நடத்துநர் சீட்டைக் கிழித்துக்கொண்டே, “என்னக்கா, கல்யாணச் சேலை எடுக்கவா?” என்றார்.

“சூ எடுக்க” என்றாள் பேச்சி.

“யாருக்கு, பேரனுக்கா?”

“எனக்குத்தாண்ணே.”

“சேலைக்கு சூவா! ஓட்டப்பந்தயத்துக்குப் போறீகளாக்கும்?”

“காலு என்னைய விட்டு ஓடிறாம இருக்கத்தாண்ணே.”

அவர் சிரிக்க ஆரம்பித்து, அவள் காலைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். சிட்டம்பட்டி சுங்கச்சாவடி தாண்டும்வரை எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

ஒன்றரை மணிக்கு மாட்டுத்தாவணி. கொண்டுபோயிருந்த சோற்றை அங்கேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டோம். பிறகு பெரியார் நிலையம் போகும் டவுன் பஸ். பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. கோரிப்பாளையத்தில் நெரிசல்; வைகைப் பாலம் தாண்டி சிம்மக்கல் போய்ச் சேர நாற்பது நிமிடம். எவர் மிதித்தாலும் தெரியாது என்பதால், அவள் பாதத்துக்கு முன்னால் என் பையை அணையாக வைத்துக்கொண்டே போனேன்.

இரண்டரை மணி. நாலு மணியாக வேண்டுமே, அதற்குள் மேலமாசி வீதியில் ஒரு துணிக்கடைக்குள் நுழைந்தோம். சேலையோடு வேகமாக நடந்தால் கொசுவம் தடுக்கும். உணர்ச்சியில்லாத கால் தடுக்கியதையும் சொல்லாது. வாக்கிங்குக்கு என்று கேட்டதும், விற்பனைப் பெண் உடம்போடு ஒட்டுகிற மினுமினு கால்சட்டைகளை எடுத்துப் பரப்பினாள். பேச்சி ஒன்றைத் தூக்கிப் பிடித்தாள். “இதப் போட்டுட்டு நான் கம்மாக்கரையில நடந்தா, எங்க தெரு நாயே அடையாளம் தெரியாமக் கொலைக்கும்.” விற்பனைப் பெண் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

எனக்கு அதில் வேறு குறை. பாலியெஸ்டர். நம் பக்கத்து வியர்வைக்கு அது தொடையிடுக்கை அறுத்துவிடும். பருத்தி டிராக் பேண்ட் ஒன்றைக் கேட்டு வாங்கி, உள்பக்கம் புரட்டிப் பார்த்தேன். இடுக்கில் தனியாக ஒரு துண்டு வைத்துத் தைத்திருந்தார்கள். காலை எட்டி வைத்தாலும் பிரியாது. இடுப்பில் எலாஸ்டிக்கோடு நாடாவும் இருந்தது. நானூற்று இருபது ரூபாய்க்கு அந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். அதைப் பார்த்து இன்னும் இரண்டு நானே தைத்துவிடுவேன். மேலே முழங்கால் மறைக்கிற தளர்ந்த டாப், இரண்டு பக்கமும் நீளமாகத் திறப்பு, சர்க்கரை திடீரென்று இறங்கினால் வாயில் போட இனிப்பும், போனும் வைக்க ஆழமான பாக்கெட். காலுறை வெள்ளையில் நாலு ஜோடி எடுத்தோம், கணுக்காலைக் கவ்வாததாக. ஏன் வெள்ளை என்று பேச்சி கேட்கவில்லை. அவளுக்குத் தெரியும்.

நாலே கால். டவுன்ஹால் ரோட்டில் செருப்புக்கடை. பெண்கள் பகுதியில் இருந்ததெல்லாம் இளஞ்சிவப்பும் ஊதாவும், முனை குறுகி, ஒல்லி ஒல்லியாக. பெண்ணின் பாதம் வயலில் நின்றிருக்கும், அடுப்படியில் முப்பது வருடம் வெறுங்காலோடு நின்று அகன்றிருக்கும் என்று அதைச் செய்தவர்களுக்கு யாரும் சொல்லவில்லை போல. கவனித்தவர் ஜெயா என்ற அம்மாள், எங்கள் வயதை ஒட்டியவர். இந்தத் தடவை நான் டேப்பை எடுக்கவில்லை. பழுப்புக் காகிதத்தைத் தரையில் விரித்து, அதன்மேல் பேச்சியை நிற்க வைத்து, இரண்டு பாதத்தையும் பென்சிலால் வரைந்து வெட்டினேன். அந்தக் காகிதப் பாதத்தை ஷூவுக்குள் விட்டுப் பார்த்தோம். பெண்கள் ஷூ ஒவ்வொன்றிலும் காகிதம் ஓரம் மடங்கியது. ஆறு ஜோடி.

“இருங்க” என்று ஜெயா ஆண்கள் பக்கம் போய்க் கருநீலத்தில் ஒன்று கொண்டுவந்தார். “இதுல பாருங்க. நானே பொழுதன்னிக்கும் ஆம்பள சூவுலதான் நிக்கிறேன்.” காகிதம் மடங்காமல் படுத்தது. முனையில் கட்டைவிரல் அகலம் இடம். ஜெயா உள்ளே கைவிட்டு, “தையல் எதுவும் உறுத்தல, நீங்களும் தடவிப் பாருங்க” என்றார். முனையைப் பிடித்து வளைத்தால் விரல் மடங்கும் இடத்தில் மட்டும் வளைந்தது. ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூறு ரூபாய். முடிந்தது என்று நினைத்தேன்.

போட்டுவிடக் குனிந்த ஜெயா அப்படியே நின்றுவிட்டார். பேச்சியின் வலது காலில், பெருவிரலுக்கு அடுத்த விரலில் மெட்டி. மூன்று சுற்று வெள்ளி. விரல் வீங்கி வீங்கி, வெள்ளியின் விளிம்பு மட்டுமே வெளியே தெரிந்தது.

“அக்கா, மெட்டியோட சூவுக்குள்ள காலை விடக் கூடாது. உள்ள அமுக்கிக்கிட்டே இருக்கும். உங்களுக்கு வலிச்சாலும் தெரியாதுங்கறீக. இதக் கழட்டாம நான் பில் போட மாட்டேன்.”

பேச்சி இரண்டு காலையும் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள்.

எங்கள் பக்கம் இந்துப் பெண்கள் மெட்டியைக் கழற்றும் நாள் ஒன்றே ஒன்றுதான். அது புருஷன் போன பிறகு வருகிற நாள். நான் வேதக்காரி, சர்ச்சுக்குப் போகிறவள்; என் விரலில் மெட்டி கிடையாது. கழற்றடி என்று நான் எந்த வாயால் சொல்வது? இடது காலுக்கு ஆபரேஷன் செய்தபோது அந்தக் கால் மெட்டியை நர்ஸ் கழற்றி வைத்தார். தையல் பிரித்த அன்றே, வீட்டுக்குக்கூட வராமல், ஆஸ்பத்திரி வாசலிலேயே அதைத் திரும்பப் போட்டுக்கொண்டவள் இவள்.

சேலை ஓரத்தை விலக்கி மெட்டியைப் பார்த்துவிட்டு அவளே, “எங்கன போயி எடுக்கணும்?” என்றாள். ஷூவைத் தனியாக எடுத்து வைப்பதாக ஜெயா சொன்னார்.

ஐந்து மணி. தெற்காவணி மூல வீதியில் ஒரு சிறிய வெள்ளிக்கடை. எண்ணெய் விட்டு உருட்டிப் பார்த்தும் அசையவில்லை. வெட்டத்தான் வேண்டும் என்றார் பட்டறைக்காரர். “வீட்டுக்காரர் இருக்காராக்கா?”

“இருக்காரு.”

“அப்ப ஒரு வார்த்த கேட்டுக்கங்க. பின்னால என்னையத் திட்டுவாக.”

பேச்சியின் கணவர் கருப்பையா டிராக்டர் ஓட்டுகிறவர். வண்டி ஓடும்போது போன் மணி காதில் விழாது. அவள் மூன்று முறை அடித்தாள். நான்காவது முறை அடிக்கப் போய், போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். தெருவில் பூக்காரர் ஒருவர் கூவிக்கொண்டு போனார்.

“வெட்டுங்கண்ணே” என்றாள். பிறகு மெதுவாக, தனக்கே சொல்லிக்கொள்வதுபோல, “அவருக்கு ஒண்ணும் ஆகாது” என்றாள்.

சின்னக் கத்திரி மூன்று இடத்தில் கடித்தது. வெள்ளியைப் பிரித்து எடுத்ததும் பட்டறைக்காரர் கையைப் பின்னுக்கு இழுத்தார். மெட்டி இருந்த இடத்தில், விரலின் அடிப்பக்கம் வெளுத்து அழுகிய பள்ளம். சீழ். அதன் வாடை எனக்குப் போன வருடமே பழக்கம்.

“என்னக்கா, எல்லாரும் எதுக்கு அப்பிடிக் குனிஞ்சு பாக்கறீக?” என்று கேட்டாள் பேச்சி.

ஆட்டோவுக்கு நூற்றைம்பது கேட்டார்கள், பேரம் பேசவில்லை. தல்லாகுளம் ஆஸ்பத்திரியில், முன்பு விரலை எடுத்த அதே மருத்துவர் புண்ணைச் சுத்தம் செய்து, எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கும்வரை நான் வெளியே நின்று ஜெபித்தேன். கூப்பிட்டார்கள். “எலும்புக்குப் போகலம்மா. மருந்துலயே ஆறும். இன்னும் பத்து நாள் விட்டிருந்தா...” என்று நிறுத்தினார். மூன்று வாரம் நடை கூடாது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் கட்டு மாற்ற வேண்டும். இடது கால் மெட்டியையும் எடுத்துவிடச் சொன்னார்.

“அது லூசாத்தான் கெடக்கு சார்” என்றாள்.

“இதுவும் ஒரு காலத்துல லூசாத்தாம்மா இருந்திருக்கும்.”

வெளியே வந்ததும் பேச்சி என் கையைப் பிடித்துக்கொண்டாள். “ரெண்டையும் கழட்டிப்புட்டு எப்பிடிக்கா அவரு முன்னால போயி நிக்கிறது? ஒண்ணாச்சும் கெடக்கட்டும்.”

ஆறே முக்காலுக்கு மாட்டுத்தாவணியில் மேலூர் வண்டி. ஷூ வாங்கப் போன நாங்கள் ஷூ இல்லாமல் திரும்பினோம். ஜெயாவுக்குப் போன் செய்தேன். “சூ எங்கயும் போகாதுக்கா. புண்ணு ஆறி வீக்கம் வடிஞ்சா அளவு மாறிரும். அப்ப வாங்க, இன்னொரு தடவ பேப்பர் வெட்டுவோம்” என்றார். விற்கிறவர் வாயிலிருந்து இப்படி ஒரு பேச்சை நான் அதிகம் கேட்டதில்லை.

நரசிங்கம்பட்டி அருகே கருப்பையா கூப்பிட்டார். எதற்கு மூன்று தடவை அடித்தாய் என்று கேட்டிருப்பார் போல. “வந்து சொல்றேன்” என்று வைத்துவிட்டாள். மதுரையில் அத்தனை கூட்டத்தில் அவள் காலை யாரும் பார்க்கவில்லை. மேலூர் அப்படி இல்லை. எங்கள் தெருவில் முகத்தைப் பார்த்து நலம் விசாரிக்கிறவர்கள்கூட, ஒரு பார்வை கழுத்துக்கும் ஒரு பார்வை காலுக்கும் தனியாக வைத்திருப்பார்கள். வழிநெடுக அவள் சேலை ஓரத்தால் கட்டை மூடிக்கொண்டே வந்தாள்.

ஏழரை மணிக்கு மேலூர். கருப்பையா மொபெட்டோடு நின்றிருந்தார். கட்டைப் பார்த்ததும் முகம் செத்துவிட்டது.

“அந்த வெரலுமா?”

“வெரலு இருக்கு. மெட்டியத்தான் வெட்டிட்டாக. நான்தான் வெட்டச் சொன்னேன். உள்ள புண்ணு இருந்துச்சு.”

அவர் மொபெட்டை ஸ்டாண்டு போட்டு நிறுத்தினார். பேருந்து ஒன்று பின்னால் வர, நடத்துநர் விசில் ஊதி முடிக்கும்வரை நின்றார்.

“இன்னொண்ணு?”

“அது வேணாம்னுட்டேன். உங்களக் கேக்காம எப்பிடி...”

“டாக்டரு என்ன சொன்னாரு?” இதை என்னைப் பார்த்துக் கேட்டார்.

“அதையும் எடுக்கணும்னுதான் சொன்னாரு தம்பி.”

அவளைச் சிமெண்டு பெஞ்சில் உட்கார வைத்தார். தரையில் குத்துக்காலிட்டு, அவள் இடது காலைத் தூக்கித் தன் முழங்காலில் வைத்துக்கொண்டார். “எல்லாரும் பாக்குறாக” என்று அவள் காலை இழுத்தாள். அவர் விடவில்லை. கல்யாணத்தில் போட்டுவிட்ட கை, நிதானமாகத் திருகித் திருகி மெட்டியைக் கழற்றியது. கழற்றியதோடு விடவில்லை, போன் வெளிச்சத்தை அடித்து, மிச்சமிருந்த நாலு விரலையும் ஒவ்வொன்றாக விலக்கி இடுக்கு இடுக்காகப் பார்த்தார்.

“இங்கிட்டு ஒண்ணும் இல்ல.”

மெட்டியை வெட்டியபோது அழாதவள் அப்போது அழுதாள். அவர் மெட்டியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

“நாளையிலேருந்து பொழுது சாய ஒரு தடவ நான் பாத்துர்றேன். ஒனக்குத்தான் தெரிய மாட்டேங்குதே. ஏறு.”