கைக்கு அளவெடுத்த கத்தி

என் மாமா என்னிடம் பொய் சொல்லவில்லை. இத்தனை வருடங்களாகத் திருப்பித் திருப்பி நினைத்துப் பார்த்துவிட்டேன், ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. கோபம் இன்னும் ஆறாமல் இருப்பதற்கு அதுதான் காரணம்.

அவர் அம்மாவின் அண்ணன். தளிக்குப் பக்கத்தில் கோஸும் பீன்ஸும் போட்டிருந்தார். நாங்கள் ஓசூரில், அப்பா வேலை பார்த்த கம்பெனிக்குப் பின்புறம் வரிசை வீடுகளில் ஒன்றில் குடியிருந்தோம். பள்ளி விடுமுறை விட்டால் நான் மாமா வீட்டில்தான். அங்கே நாய்கள் இருந்தன. காட்டுப்பன்றி வந்து தோட்டத்தைத் தோண்டிப் போடுகிறது, அதை விரட்டத்தான் என்று ஊரில் சொல்லிக்கொள்வார். உண்மையில் முயலுக்காக. விடியற்காலையில் அவர் கரட்டுக் குன்றுப் பக்கம் போகும்போது ஒரு நாயின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நானும் போவேன். வனத்துறைக்காரர்கள் காதுக்குப் போகக் கூடாத காரியம் என்பதால் வாயைத் திறக்காமல் நடக்கப் பழகியிருந்தேன். செத்த முயலைப் பார்த்து நான் அழுததில்லை. மாமா அதைப் பெருமையாகவே எல்லோரிடமும் சொல்வார்.

மாமாவுக்கு ஒரு மகன். என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவன். கிருஷ்ணகிரியில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தான். அவனுக்கு நாய் என்றாலே ஆகாது. அவை குரைக்க ஆரம்பித்தால் வீட்டுக்குள் போய் டிவி முன்னால் உட்கார்ந்துகொள்வான்.

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருடம், பொங்கலுக்குக் கொஞ்சம் முன்னால், மாமா பைக்கை எடுத்துக்கொண்டு, "வாடி, தளிக்குப் போயி வேட்டைக்கு ஒரு கத்தி எடுத்தாரலாம். நல்லதா நீயே பாரு" என்றார். பொங்கலுக்கு மறுநாள் ஊரே சேர்ந்து முயல் வேட்டைக்குப் போகும். முதன்முதலாக வேட்டைக்கு வரும் பிள்ளைக்குப் பெரியவர்கள் கத்தி வாங்கிக் கொடுப்பார்கள். நான் ஏறி உட்கார்ந்தேன். வழியெல்லாம் குளிர். எனக்கு உறைக்கவில்லை.

சந்தைக்குப் பின்னால் இருந்த பட்டறையில் கன்னடக்காரர் ஒருவர் லாரியின் பழைய இரும்புப் பட்டையில் கத்தி அடித்துக்கொண்டிருந்தார். இந்தப் பெண் யார் என்று அவர் கேட்டார். மருமகள் என்றார் மாமா. தங்கை மகளும் மருமகள்தான், மகன் பெண்டாட்டியும் மருமகள்தான். அந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு பேர் உட்கார்ந்திருப்பது எனக்கு அப்போது தெரியாது.

கத்திகளைச் சாக்கின்மேல் பரப்பினார்கள். பளபளவென்று இருந்ததை முதலில் எடுத்தேன். நுனி கனத்து முன்னால் இழுத்தது. வேண்டாம் என்று வைத்தேன். இன்னொன்று நீளம். முயலின் வயிற்றைக் கிழிக்க இவ்வளவு நீளம் எதற்கு என்று நான் கேட்டதும் மாமா சிரித்துவிட்டார். கடைசியில் குட்டையாக, முதுகு தடித்து, கறுப்பாக ஒன்று கிடந்தது. அதைப் பிடித்ததும் கை தானாக மூடிக்கொண்டது. பிடி மட்டும் கொஞ்சம் பருமன். மாமா என் கையை விரித்துப் பட்டறைக்காரரிடம் காட்டினார். அவர் என் விரல்களைப் பிடியின்மேல் சுற்றிப் பார்ப்பார், அரத்தால் ராவுவார், மறுபடி என் கையில் கொடுப்பார். சரியாக வந்து உட்காரும் வரை அப்படியே செய்தார். தோலில் ஒரு உறையும் போட்டுக் கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் மாமா அதை வாங்கிப் பீரோவில் வைத்தார். நல்ல நாளில்தான் கொடுக்க வேண்டும் என்றார். யாருக்கு என்று நானும் கேட்கவில்லை. கேட்க வேண்டியதாகவே தோன்றவில்லை.

பொங்கலுக்கு அம்மாவும் அப்பாவும் வந்தார்கள். பட்டறையில் என் கைக்கு அளவு பார்த்த கதையை அம்மாவிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். மறுநாள் வேட்டைக்குக் கிளம்பும் முன் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். மாமா சாமி படத்துக்கு முன்னால் வைத்திருந்த கத்தியை எடுத்து வந்தார். என்னைத் தாண்டிப் போனார். மகன் கையில் கொடுத்தார்.

அவன் செல்போனைப் பார்த்துக்கொண்டே வாங்கினான். உறையைத் தலைகீழாகப் பிடித்ததில் கத்தி நழுவி அவன் சாப்பாட்டில் விழுந்தது.

"அது என்னுது மாமா" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அத்தை என் கன்னத்தைக் கிள்ளினாள். "உன்னுதுதாண்டி, யாரு இல்லேன்னா? அவங்கிட்ட இருந்தா என்னா, உங்கிட்ட இருந்தா என்னா? நாளைக்கு ரெண்டு பேரும் ஒரே வீட்லதான இருக்கப் போறீங்க."

இன்னும் பெரிய சிரிப்பு. அப்பாவும் சிரித்தார். பரிமாறிக்கொண்டிருந்த அம்மா மட்டும் குழம்புப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

அந்தச் சிரிப்பில் என்ன இருந்தது என்று எனக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்பது மட்டும் புரிந்தது. எழுந்து கொல்லைக்குப் போனேன். எச்சில் கைதான். நாய்களை ஒவ்வொன்றாக அவிழ்த்துவிட்டேன். முந்தின நாளிலிருந்து வேட்டைக்காகப் பட்டினி போட்டிருந்த நாய்கள். இரண்டு நாய்கள் பக்கத்துத் தோட்டத்துக் கோழிகளுக்குள் பாய்ந்தன. மற்றவை கரட்டைப் பார்த்து ஓடி மறைந்தன. இன்றுவரை அதற்காக நான் வருத்தப்பட்டதில்லை.

மாமா ஓடி வந்தார். முகம் கறுத்திருந்தது. என்னை அடிக்கக் கை ஓங்கினார். அம்மா நடுவில் வந்து அந்தக் கையைப் பிடித்தாள். அண்ணன் முன்னால் சத்தமாகப் பேசிக்கூட நான் பார்த்திராத அம்மா.

"கத்தியக் குடுண்ணா" என்றாள்.

"பொட்டப்புள்ளைக்கு எதுக்கு கத்தி?"

"அப்ப எதுக்கு இவ கைய வச்சு அளவு பாத்த?"

அவன் ஹாஸ்டலில் இருந்தான், இரண்டு பேருக்கும் கை ஒரே அளவு, அவ்வளவுதான் என்றார் மாமா. இத்தனூண்டு கத்திக்குக் கூடப்பிறந்தவனிடம் சண்டைக்கு நிற்கிறாயே என்றும் கேட்டார். அப்பா பின்னாலிருந்து, விடு, விளையாட்டுக்குச் சொன்னதை எல்லாம் பெரிசு பண்ணாதே என்றார். அம்மா அப்பா பக்கம் திரும்பவே இல்லை.

"எம்பொண்ண இனிமே எதுக்கும் அளவு பாக்காதண்ணா. கத்திக்கும் வேணாம், வேற எதுக்கும் வேணாம்."

அதை அவள் கத்திச் சொல்லவில்லை. ஆனால் அத்தையின் சிரிப்பு நின்றுவிட்டது. மாமா கையை உருவிக்கொண்டு, நாய்களைத் தேடிப் போனார்.

அம்மா என் கையைக் கழுவிவிட்டாள். பையை எடுத்துக்கொண்டு என்னை இழுத்துக்கொண்டு நடந்தாள். அப்பா வரவில்லை. ஓசூர் பஸ்ஸில் ஜன்னலோரம் என்னை உட்காரவைத்தாள். டிக்கெட்டை நான்தான் வாங்கி வைத்துக்கொண்டேன்.

அதன்பிறகு அவள் பல வருடங்கள் பிறந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. எதற்கு என்று கேட்டவர்களிடம் அத்தை ஒரு கத்திக்காக என்று சொன்னாள். ஊரும் அதை நம்பியது. அம்மாவையும் அவளுடைய பதினேழாவது வயதில், அதே வீட்டில், இப்படி ஒரு சாப்பாட்டுச் சிரிப்பில்தான் அவளுடைய அத்தை மகனான அப்பாவுக்குப் பேசி முடித்தார்கள் என்பது நான் வேலைக்குப் போன பிறகு, வேறு யாரோ சொல்லித்தான் எனக்குத் தெரியும். மாமா மகனுக்கு இதில் ஒரு பாவமும் இல்லை. பெங்களூரில் தனக்குப் பிடித்த பெண்ணைக் கட்டிக்கொண்டு நன்றாக இருக்கிறான்.

அன்றைக்கு பஸ்ஸில் நான் இதெல்லாம் எங்கே கண்டேன்? என் கோபம் முழுவதும் மாமாவை விட்டு அம்மா பக்கம் திரும்பியிருந்தது.

"அவ்ளோ சண்டை போட்டியே, கத்திய வாங்காமயே வந்துட்டியே" என்றேன்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பக்கத்தில் இழுத்து அணைத்தாள். நான் தோளை உதறிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சண்டையில் அம்மா தோற்றுவிட்டாள் என்றே நான் நம்பினேன்.