சம்பந்தம் விசாரித்துச் சேர்ந்த மாணவர்

திங்கட்கிழமை காலை செய்தித்தாளை விரித்துவிட்டுக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தேன். ஏகாம்பரம் சாரின் மனைவி மல்லிகா அம்மாவிடமிருந்து போன் வந்தது. "அண்ணா, அவர் போயிட்டாருங்க. தூக்கத்துலயே." கண்ணாடியைத் தேடுவதை விட்டுவிட்டு உட்கார்ந்தேன். பிறகு அவரே சொன்னார்: "காலையில செமினார் இருக்குதுன்னு சட்டைய அயர்ன் பண்ணி மாட்டி வச்சுட்டுப் படுத்தாருங்க."

அறுபதைத் தாண்டிய மனிதருக்கு என்ன செமினார் என்று கேட்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

ஏகாம்பரம் சாரும் நானும் கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் ஒரே பள்ளியில் வேலை பார்த்தோம். நான் கணக்கு, அவர் இயற்பியல். ஆனால் இளம் வயதில் அவர் படிக்க ஆசைப்பட்டது வரலாறு. "செத்தவன் கதையெல்லாம் படிச்சு என்னடா பண்ணப் போற?" என்று அவருடைய அப்பா விண்ணப்பத்தையே மாற்றிவிட்டாராம். அந்த ஆசை அவரை விடவில்லை. ஓர் உதாரணம் சொல்கிறேன். கப்பியைப் பற்றிப் பாடம் தொடங்குவார்; அது கோபுரத்துக்குக் கல் ஏற்றியவர்களின் கதையில் போய் முடியும். மணி அடித்த பிறகும் பிள்ளைகள் எழுந்திருக்க மாட்டார்கள்.

ஓய்வு பெற்றதும் ஒருநாள் வேங்கிக்காலில் அவர் வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். "எம்.ஏ. ஹிஸ்டரி படிக்கப் போறேன்யா. ரெகுலர். பெஞ்சுல உக்காந்து" என்று அறிவித்தார்.

"முட்டி வலின்னு நம்ம வீட்டு மாடியே ஏற மாட்டேங்கறீங்க, காலேஜு ஏறுவீங்களா?" என்றார் மல்லிகா அம்மா. பல நாள் வாதத்துக்குப் பின் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார். "ஒரே தடவைதான். சேந்த எடம் சரியில்லன்னு வந்து நின்னீங்க, மறுபேச்சு பேசாம பெங்களூருக்குப் பேரனப் பாத்துக்கக் கெளம்பிடணும்."

ஆகவே இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் தவறக் கூடாது. தவறினால் அந்த ஆசை அத்தோடு முடிந்தது.

அஞ்சல் வழியில் படித்தால் வீட்டுக்கே புத்தகம் வருமே என்றேன். "வரும்யா. சந்தேகம் வந்தா யார்கிட்ட சண்டை போடறது? போஸ்ட்மேன்கிட்டயா?" என்றார்.

பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் இரண்டு இடங்கள் இருந்தன. இரண்டின் இணையதளத்தையும் பார்த்தோம். இரண்டிலும் அதே சிரிக்கும் மாணவர்கள், அதே பச்சைப் புல்வெளி. "வாத்தியாரே, போட்டோவ மட்டும் பாத்துப் பொண்ணு குடுப்பியா? பாடத்திட்டம் ஜாதகம் மாதிரி. எல்லாம் பொருந்தும். அக்கம்பக்கத்துல விசாரிச்சாதான் குணம் தெரியும்" என்று என்னைக் கிளப்பிவிட்டார்.

முதல் கல்லூரிக்கு எதிரே ஒரு டீக்கடை. நாங்கள் வெள்ளை வேட்டியும் கையில் பையுமாக நின்றோம். "ஹிஸ்டரி டிபார்ட்மென்ட் பத்தி விசாரிக்கணும். ஆளு எப்படிங்க, நம்பலாமா?" என்று கேட்டார் ஏகாம்பரம் சார்.

கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார். "குணா சாரா? தங்கமான பையன் சார். சிகரெட்டு கூடக் கெடையாது. பொண்ணு என்ன படிச்சிருக்குது?"

நான் சிரிப்பை அடக்கப்போய் டீயில் நாக்கைச் சுட்டுக்கொண்டேன். ஏகாம்பரம் சார் அசரவில்லை. "அதெல்லாம் இருக்கட்டும். கிளாஸ் எடுப்பாரா?"

"நோட்ஸ் குடுத்துடுவாருங்க. போன வருசம் குடுத்ததுதான். பசங்க ஜெராக்ஸ் எடுத்துக்குதுங்க."

பஸ் ஏறியதும் சொன்னார்: "குணம் ஜாஸ்தி, கிளாஸ் கம்மி. இந்தச் சம்பந்தம் வேணாம்."

இரண்டாவது இடத்தில் அனுமதி கேட்டு ஒரு வகுப்பிலேயே உட்கார்ந்து பார்த்தோம். ரேவதி என்ற பேராசிரியை. எங்கள் மகள்களைவிட இளையவர். நடுவில் ஒரு மாணவி எழுந்தாள். "மேடம், ராஜா ஏரி வெட்டுனாருன்னு கல்வெட்டு சொல்லுதுங்க. மண்ணு சுமந்தவங்க பேரு எங்க?" பேராசிரியை சாக்பீஸைக் கீழே வைத்தார். "எனக்கும் தெரியலம்மா. எங்க தேடலாம், சொல்லுங்க" என்றார். வகுப்பு முழுக்க ஒரே சத்தம். ஏகாம்பரம் சார் என் தொடையைக் கிள்ளினார். வெளியே வந்ததும், "தெரியலன்னு சொல்றாங்கய்யா! இங்கதான்" என்றார். நாங்கள் ஆசிரியர்கள், அந்த ஒரு சொல்லைச் சொல்வது எவ்வளவு சிரமம் என்று எங்களுக்குத் தெரியும்.

சேர்ந்த முதல் வாரம், அவர் உள்ளே நுழைந்ததும் பிள்ளைகள் எழுந்து நின்றார்களாம். "எழுந்தீங்கன்னா அட்டெண்டன்ஸ் எடுத்துடுவேன்" என்று மிரட்டி உட்கார வைத்திருக்கிறார். பிறகு 'ஏகா அண்ணா' ஆனார். கிரிவலக் கூட்டத்தால் பஸ்ஸில் கால் வைக்க முடியாத பௌர்ணமி நாட்களைத் தவிர விடுப்பே எடுத்ததில்லை.

போன மாதம் போன் செய்தார். "வாத்தியாரே, மார்க்கு கம்மியாப் போட்டுட்டாங்க!" குரலில் அத்தனை சந்தோஷம். "ஆதாரம் எங்கன்னு செவப்பு மையில கேட்டிருக்காங்கய்யா. இத்தன வருசத்துல என்னை யாரும் அப்படிக் கேட்டதே இல்ல."

திங்களன்று அவர் வீட்டு வாசல் நிறைந்துவிட்டது. போலீஸ்காரர், நர்ஸ், வேன் ஓட்டுபவர் என்று ஒவ்வொருவராக வந்து, "நான் சாரோட ஸ்டூடண்ட்ம்மா" என்று மல்லிகா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். மதியம் ஓர் இளம்பெண் மாலையோடு வந்தார். எனக்கு உடனே அடையாளம் தெரிந்தது.

"நீயும் சார்கிட்ட படிச்ச பொண்ணாம்மா?" என்று கேட்டார் மல்லிகா அம்மா.

"இல்லங்கம்மா" என்றார் ரேவதி. "சார்தான் என்கிட்ட படிச்சாரு."

மல்லிகா அம்மா அவரை ஒரு கணம் பார்த்தார். பிறகு கணவரின் பக்கம் குனிந்து, "ஏங்க, உங்க டீச்சர் வந்திருக்காங்க" என்றார்.

முடிந்திருந்தால் எழுந்து நின்றிருப்பார். அவருக்காக நாங்கள் அத்தனை பேரும் எழுந்து நின்றோம். போய் வாருங்கள், சார்.