சுமதியும் ஆஞ்சநேயர் கோயில் சர்க்கிளும்

டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுப்பது என்றால், ஸ்டியரிங் அடுத்தவர் கையில், பொறுப்பு நம் தலையில். கார் பழகும் மனைவிக்கோ மகனுக்கோ பக்கத்தில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை மிதித்திருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் நம்ம கட்சிதான். என் காலடியில் நிஜமாகவே ஒரு பிரேக் உண்டு, அவ்வளவுதான் வித்தியாசம்.

வழி விட்ட வள்ளல்

அடுகோடி ஏரியாவில் என்னிடம் பழக வந்த சுமதிக்கு ஊர் கிருஷ்ணகிரி, வேலை ஐ.டி.யில். கணவர் முருகேசனுக்குப் பார்வை மங்கி, இனி வண்டியே ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சுமதி கொண்டுபோய் விட்டால்தான் நகரத்தின் மறுகோடியில் இருக்கும் பீன்யா ஃபேக்டரி வேலை அவருக்கு நிலைக்கும். அதுவரை லீவு. ஒவ்வொரு வகுப்புக்கும் பின்சீட்டில் வந்து உட்கார்ந்துவிடுவார்.

ஆஞ்சநேயர் கோயில் சர்க்கிள் என்ற ரவுண்டானாவுக்கு முதல்முறை வந்தபோது, "சர்க்கிள்ல வலப்பக்கத்திலிருந்து வர்ற வண்டிக்கு வழி விடணும்" என்றேன். சுமதி பஸ்ஸுக்கு விட்டார், ஆட்டோவுக்கு விட்டார், இளநீர் வண்டிக்கும் விட்டார். பாதை காலியானபோதும் நகரவில்லை. பின்னால் ஹாரன் காதைப் பிளந்தது. ஒரு கன்னட ஆட்டோக்காரர் பக்கத்தில் வந்து நிதானமாகக் கேட்டார்: "ஏனு மேடம், இங்கேயே சைட் வாங்கி வீடு கட்டப்போறீங்களா?"

கன்னத்தில் போட்ட கை

அடுத்த வாரம் தைரியமாக உள்ளே நுழைந்தார். பாதி சுற்றியதும் மூலையில் ஆஞ்சநேயர் கோயில். சுமதி இரண்டு கையையும் எடுத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் ஸ்டியரிங்கைப் பிடித்து, பிரேக்கையும் மிதித்தேன். எனக்குக் கோபம் வந்தது.

"சாமியப் பார்த்துட்டு சும்மா போக மனசு வரல மேடம்" என்றார். பின்சீட்டிலிருந்து முருகேசன் சமாதானம் செய்தார்: "உனக்கும் சேர்த்து நான் போட்டுக்கறேன், நீ ரோட்டப் பாரு."

ஆபீஸ் நேரம்

லைசென்ஸ் வந்த பிறகும் சுமதிக்குப் பயம் விடவில்லை. ஆபீஸ் நேரத்தில் ஒரே ஒரு தடவை என்னைத் துணைக்கு வரச் சொன்னார். முந்தின நாள்தான் முருகேசன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தன் ஃபேக்டரி வேலையை விட்டுவிடலாம் என்றிருப்பதாகச் சொல்லியிருந்தார். சுமதியிடம் நான் மூச்சு விடவில்லை.

தூறல் வேறு. சர்க்கிள் முன்னால் வேகத்தைக் குறைத்தார். வலப்பக்கம் பார்த்தார். பஸ்ஸை விட்டு, இரண்டாவது கியரில் நுழைந்தார். வெளியேறும் முன் இடது இண்டிகேட்டர் போட்டு, கண்ணாடியைப் பார்த்து, அலுங்காமல் வெளியே வந்தார். என் கால் பிரேக்கைத் தொடவே இல்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. முருகேசன் பின்சீட்டிலிருந்து முன்னால் குனிந்து சொன்னார்: "சுமதி, வீட்டுக்குப் போனதும் ஞாபகப்படுத்து, என் யூனிபார்ம அயர்னுக்குக் குடுக்கணும்."

ஒழுங்காகக் கற்றுக்கொடுத்தால் ஆள் நம்மை விட்டுப் போய்விடுவார், கற்றுக்கொடுக்காவிட்டால் நாமே போய்விடுவோம்; எங்கள் தொழில் அப்படி.