பூத் ஏஜென்ட்களின் மதியச் சாப்பாடு

வாக்குப்பதிவு நாளில் அம்மா இரண்டு கட்சிக்கும் சேர்த்துச் சமைப்பாள். அப்பா ஒரு கட்சியின் பூத் ஏஜென்ட். அம்மாவின் தம்பி, என் மாமா, வேறு கட்சியின் பூத் ஏஜென்ட். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஓட்டுப் போட வருபவர்களின் பெயரை ஆளுக்கொரு பட்டியலில் அடித்துக்கொண்டிருப்பார்கள். மதியம் மாற்று ஆட்களை உட்கார வைத்துவிட்டு, வேப்பமரத்தடியில் ஒரே தூக்குச் சட்டியிலிருந்து சாப்பிடுவார்கள்.

“நல்லா சாப்புடு மாப்ள, முடிவு வந்தா உங்க கட்சி பட்டினிதான்,” என்பார் அப்பா.

“சமைச்சது எங்க அக்கா. அதோட ஓட்டும் எனக்குத்தான். நீங்க கொழம்ப ஊத்துங்க மாமா.”

அம்மா யாருக்குப் போட்டாள் என்று இருவருக்குமே தெரியாது. கேட்டால், “ரெண்டு பேருக்கும் சோறு போட்டேனே, பத்தாதா?” என்பாள்.

போன தேர்தலோடு அது நின்றுபோனது.

எனக்குச் சென்னையில் மென்பொருள் சோதிக்கும் வேலை. ஒன்று பழுதானால், அது கடைசியாகச் சரியாக ஓடிய நாளுக்குப் பிறகு என்னென்ன மாறியது என்று பட்டியல் போட வேண்டும். இந்த முறை ஓட்டுப் போட ஊருக்கு வரும்போது, கள்ளக்குறிச்சி பஸ்ஸில் போனில் அப்படித்தான் எழுதினேன். ஒன்று: போன தேர்தலில் அப்பாவும் மாமாவும் சாப்பிடுவதை மாமா கட்சிப் பையன் ஒருவன் படமெடுத்து, ‘நம்ம ஏஜென்ட் யார் சோத்தத் திங்கிறாரு பாருங்க’ என்று கட்சி வாட்ஸ்அப் குழுவில் போட்டான். இரண்டு: எங்கள் பூத்தில் மாமா கட்சிக்கு ஓட்டு குறைந்தது. மூன்று: முடிவு வந்ததும் டீக்கடையில் அப்பா, “போட்ட சோறு வீண் போகல மாப்ள,” என்றார்.

மூன்றாவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஜெயிக்கும்போதெல்லாம் அப்பா சொல்வதுதான். தோற்றால் மாமா அதையே திருப்பிச் சொல்வார். டீக்கடை சிரிக்கும். அன்று யாரும் சிரிக்கவில்லை. மாமாவின் கட்சிக்காரர்கள் அதைச் சாட்சியாக எடுத்துக்கொண்டார்கள். “சோத்துக்கு வித்துட்டியா?” என்று அவரைத் தெருவில் நிற்க வைத்துக் கேட்டார்கள். தமாஷுக்குச் சொன்னதுதான் என்று அப்பா போய்ச் சொன்னார். அவர் எந்தக் கட்சி என்று தெரிந்தவர்கள் அவர் பேச்சை எப்படி நம்புவார்கள்? அதன் பிறகு மாமா எங்கள் வீட்டுக்குள் வரவில்லை. அம்மா மீன் வாங்கினால் இன்னும் அவருக்கும் சேர்த்தே வாங்குகிறாள்.

இந்த முறையும் மாமாதான் ஏஜென்ட். பூத்துக்கு வருகிற எல்லா முகமும் தெரிந்த ஆள் அவர்கள் கட்சியில் வேறு இல்லை. அம்மா கல்வராயன் மலைப் புளி கரைத்துக் கருவாட்டுக் குழம்பு வைத்தாள். இந்த முறை தூக்கு இரண்டு.

“அவன் கையில குடு. வூட்டுக்கு வருவியான்னு கேக்காத. சாப்ட்டானான்னு மட்டும் வந்து சொல்லு.”

நான் ஓட்டுப் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். அப்பா தன் தூக்கை வாங்கிக்கொண்டு போய்ப் படிக்கட்டில் தனியாக உட்கார்ந்தார். மாமா மரத்தடியில் கட்சி கொடுத்த குஸ்கா பொட்டலத்தோடு நின்றார்.

“மாமா, அம்மா குடுத்தனுப்புச்சி.”

மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். மூடினார்.

“வேணாம் பாப்பா. கேட்டாண்ட எங்க கட்சிப் பசங்களப் பாரு, எல்லாப் போனும் என்னையே பாத்துக்கினு இருக்குது.”

“சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால போய்ச் சாப்புடுங்க. யாரும் பாக்க மாட்டாங்க.”

“எங்க அக்கா ஆக்கின சோத்த ஒளிஞ்சி திங்கணுமா? நான் இன்னா திருடனா?”

தூக்கை என்னிடமே கொடுத்துவிட்டார்.

ஓட்டுதான் ரகசியம் என்று இதே பள்ளிக்கூடத்தில் படித்தேன். யார் யாருக்குப் போடுவார்கள் என்பதை இப்போது எங்கள் தெருவில் அவரவர் வாட்ஸ்அப்பில் வைத்திருக்கும் கட்சிப் படமே சொல்லிவிடுகிறது. ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவதைத்தான் மறைக்க வேண்டியிருக்கிறது. அவர்கள் இருவரும் ஒத்துப்போக வேண்டும் என்று எனக்கு ஆசையில்லை, ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. நடுவில் ஒரு தூக்கை வைத்துக்கொண்டு அவர்கள் போட்ட சண்டைதான் எனக்கு வேண்டும். சென்னையில் என்னோடு தங்கியிருக்கும் பெண்கள் அரசியலே பேசுவதில்லை. பேசினால் அறை மாற வேண்டிவரும் என்று பயம்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா தூக்கின் கனத்தை வைத்தே புரிந்துகொண்டாள்.

“தொறந்து பாத்தானா?”

“பாத்தாரு. மோந்தும் பாத்தாரு.”

குழம்பை வேறு பாத்திரத்தில் ஊற்றினாள்.

மெஷினுக்குச் சீல் வைத்து அனுப்பிவிட்டு அப்பா வந்தார். சட்டையைக் கழற்றிக்கொண்டே, யாரையும் பார்க்காமல் பேசினார்.

“சீல்ல எல்லா ஏஜென்ட்டும் கையெழுத்துப் போடணும். அவன் பேனா எழுதல. என் பக்கம் கைய நீட்டினான். குடுத்தேன்.”

“பேசினானா?”

“இல்ல. போட்டுட்டு, மறதியா ஜோப்புல வச்சிக்கினு போயிட்டான். புதுப் பேனா. நாளைக்குக் கேட்டு வாங்கணும்.”

“கேக்காதீங்க,” என்றாள் அம்மா. “அவனே கொண்டாந்து குடுக்கட்டும்.”

நான் சென்னைக்கு வந்துவிட்டேன். முடிவும் வந்துவிட்டது, யார் ஜெயித்தார்கள் என்பது பற்றி வீட்டில் அதிகம் பேச்சில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால் முதலில் பேனாவைத்தான் விசாரிக்கிறேன்.

“இன்னும் வரல,” என்கிறாள் அம்மா. “நம்ம வூட்டாண்ட வந்தா மட்டும் அவன் வண்டி மெதுவாப் போவுது.”