சிஞ்சில்லாவும் விபூதி டப்பாவும்

எங்கள் ஊரில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் விபூதிக்கு வராது. அண்ணாமலையார் கோயிலுக்குப் போய்வரும்போதெல்லாம் கையில் ஒரு பொட்டலம் சேரும். இட்டுக்கொண்டது போக மிச்சத்தைக் குப்பையில் போட மனசு வராது. பூஜை அலமாரியில் ஒரு டப்பாவில் கொட்டிவைப்பேன். அது நிறைந்தால் இன்னொரு டப்பா. அதைத் திறந்துதான் என் மகள் ஆசையாய் வளர்த்த பிராணியைப் பாடாய்ப் படுத்தினேன்.

அது ஒரு சிஞ்சில்லா. முயல்குட்டி அளவு உடம்பு, அணில் வால், பெரிய காது, சாம்பல் நிறத்தில் மெத்தென்ற ரோமம். வேங்கிக்காலில் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள், "இன்னா சார், பெருச்சாளி வளக்கறீங்களா?" என்றுதான் கேட்பார்கள். மகள் வீட்டிலிருந்தே வேலை பார்த்த நாட்களில் வாங்கியது. பிறகு அவள் சென்னையில் விடுதியில் தங்கவேண்டி வந்தது. அங்கே பிராணிகளுக்கு இடமில்லை. அவள் அம்மா போனபிறகு அவளுக்கென்று நான் ஒருவன்தான். நம்பி என்னிடம் விட்டுப்போனாள். அது வெயில் தாங்காது என்பதால், எனக்குப் போட்டுக்கொள்ளாத ஏசியை அதற்குப் போட்டேன்.

அதன் ரோமம் நனைந்தால் லேசில் காயாது, தோல் கெட்டுவிடும். அதனால் மாவு போன்ற ஒருவகை மண்ணில் புரண்டுதான் குளிக்கும். அந்த மண்ணை மகள் சென்னையிலிருந்து அனுப்புவாள். "தீந்துபோச்சுன்னா உடனே சொல்லுங்கப்பா, வேற எதையும் போட்டுடாதீங்க" என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். தீர்ந்தது. நான் சொல்லவில்லை. மண்ணுக்குப் போய் ஒரு பார்சலா என்று எரிச்சல். விபூதியும் மாவு மாதிரிதானே, புண்ணியத்துக்குப் புண்ணியம் என்று ஒரு தட்டில் கொட்டிவைத்தேன்.

பாய்ந்து வந்து புரண்டது. சிவப்பழமாக எழுந்து என்னைப் பார்த்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. போகப்போக இன்னும் ஆவலாகப் புரண்டது. டப்பாவைத் திறக்கும் சத்தம் கேட்டாலே கூண்டுக் கம்பியருகே வந்து நிற்கும். "மண்ணு இருக்காப்பா?" என்று மகள் போனில் கேட்டபோது, "ஜாஸ்தியாவே இருக்கு" என்றேன்.

காதோரம் செதில் உதிர்ந்ததைப் பார்த்தேன். வெயிலுக்கு இருக்கும் என்று விட்டுவிட்டேன். கண்ணைச் சுற்றி முடி கொட்டி, தோல் சிவந்து தெரிந்தபோதுதான் பயந்துபோய்க் கூண்டைத் திறந்தேன். பிடித்துப் பார்க்கலாம் என்று கையை விட்டேன். மிரண்டு துள்ளியதில் ஒரு கொத்து ரோமம் அப்படியே கையோடு வந்துவிட்டது. அதைக் கீழே போடக்கூடத் தோன்றாமல் நின்றேன்.

முடி கொட்டுகிறது என்று மட்டும் மகளிடம் சொன்னேன். அன்றே பஸ் ஏறி வந்தாள். இருவருமாக வேலூரில் ஒரு கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனோம். "இந்த ஊரு வெயில்ல உட்டுட்டுப் போனது என் தப்புப்பா" என்று வழியெல்லாம் அழுதாள். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம்.

எதில் குளிக்கவிட்டீர்கள் என்று மருத்துவர் கேட்டார். "விபூதி" என்றேன். மகள் என் பக்கம் திரும்பினாள்.

"பயந்தா கொத்தா முடிய உட்டுடும் சார், அது வளர்ந்துடும். ஆனா விபூதி சாம்பலாச்சே, வாசனை வேற கலந்திருக்கு. தோலு வெந்துபோயிருக்கு" என்றார்.

"ஆசையாதாங்க பொரண்டுது."

"ஆசை இல்ல சார், அரிப்பு."

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. அந்த ஆண்டி நான்தான். திரும்பி வரும்போது மகள் கூண்டையே பார்த்துக்கொண்டு வந்தாள். நாலு திட்டு திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

மறுநாள் காலை, சென்னையில் ஒரு தோழி வீட்டில் விடுவதாகக் கூண்டோடு கிளம்பினாள். அவள் ஊருக்குக் கிளம்பும்போதெல்லாம் நெற்றியில் விபூதி பூசி அனுப்புவது என் வழக்கம். அன்று கை எழவில்லை. அவள்தான் வாசலில் நின்று, "பூசி உடுங்கப்பா, பஸ்ஸுக்கு நேரமாவுது" என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

டப்பாவை எடுத்து மூடியைத் திறந்தேன். சத்தம் கேட்டதும் கூண்டுக்குள் அது எழுந்து, களிம்பு பூசிய முகத்தோடு கம்பியருகே வந்து நின்றது.